அதிமானுஷ வீரர்களின் ஆயுள்

சூப்பர் ஹீரோ படங்களின் மீது ஜனங்களுக்கு இருந்த மோகம் தணிந்து வருகிறதென்று அமெரிக்க சினிமா முதலாளிகள் சில வருஷங்களாகக் கவலை கொண்டிருக்கின்றனர். கவலைக்குக் காரணம் இல்லாமற் போகவில்லை. 2019-ல் வெளிவந்த 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' உலகமெங்கும் சுமார் 280 கோடி டாலர் வசூலித்தது. அதே கம்பெனியார் 2023-ல் வெளியிட்ட 'தி மார்வெல்ஸ்' சுமார் 20 கோடி டாலரோடு நின்றுவிட்டது. படம் எடுத்த செலவுக்கே அது போதவில்லை. இத்துடன் இந்தப் பைத்தியம் ஒழிந்தது என்று அப்போது பலர் எழுதினார்கள். மறு வருஷமே 'டெட்பூல் அண்ட் வுல்வரின்' 130 கோடி டாலருக்கு மேல் வசூலித்து அவர்களுடைய வாயை அடைத்தது. ஆகவே இவ்விஷயத்தில் அவசர ஜோஸ்யம் கூறுவது உசிதமன்று.

இந்தக் கவலை அமெரிக்கர்களுடையது, நமக்கென்ன என்று நேயர்கள் கேட்கலாம். சாரல் காலத்தில் குற்றாலத்து அருவிக்குப் போகும் பாதையில், பழக்கடைகளுக்கும் வறுவல் கடைகளுக்கும் நடுவே, குழந்தைகள் அடம்பிடித்து வாங்குவது சிலந்தி மனிதனுடைய முகமூடியைத்தான். 'எண்ட்கேம்' தமிழ் பேசி வந்தபோது இரும்பு மனிதனுக்குக் குரல் கொடுத்தவர் விஜய் சேதுபதி. வசனம் எழுதியவர் ஏ. ஆர். முருகதாஸ். இவ்வளவு ஏற்பாடுகளுடன் வந்த விருந்தாளியைத் தென்காசிப் பையன் அந்நியனாகக் கருதுவதில்லை. அவன் கருத வேண்டுமென்று நாமும் சொல்லவில்லை. அந்த விருந்தாளி எவ்வளவு காலம் தங்குவான், அவனுக்குப் பின் வீட்டில் யார் இருப்பார்கள் என்பதுதான் நாம் யோசிக்க வேண்டிய விஷயம்.

இவ்வீரர்கள் பிறந்த கதை கவனிக்கத் தக்கது. அமெரிக்காவில் லட்சக்கணக்கானோர் வேலையின்றித் தவித்த காலத்தில், க்ளீவ்லாந்து நகரத்து யூத வாலிபர்களான ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் என்ற இருவர் கற்பித்தவனே சூப்பர்மேன். 1938-ல் வெளிவந்த முதற் கதைக்காக அவர்கள் பெற்ற தொகை 130 டாலர். அவ்வளவோடு அவனுடைய உரிமை முழுவதும் பதிப்பாளர் கைக்குப் போய்விட்டது. ஏழைகளுக்காகப் போராடும் வீரனைக் கற்பித்தவர்களே இவ்விதம் ஏமாந்தது நம் நாட்டுப் புலவர்களின் கதையை நினைவூட்டுகிறது. 1941-ல் கேப்டன் அமெரிக்கா தோன்றினான். முதல் இதழின் அட்டையிலேயே அவன் ஹிட்லரின் முகத்தில் குத்தினான். அப்போது அமெரிக்க சர்க்கார் யுத்தத்திற் பிரவேசிக்கவும் இல்லை! யுத்தம் முடிந்தது, ஹிட்லரும் ஒழிந்தான், வீரனுக்கு வேலை இல்லாமற் போயிற்று. 1950-ல் அவனுடைய பத்திரிகையும் நின்றது. ஒரு சமயம் சூப்பர்மேனையே விற்பனையில் மிஞ்சிய கேப்டன் மார்வெல் 1953-ல் மறைந்தான். அன்றும் இம்மோகம் தீர்ந்துவிட்டதென்றே ஜனங்கள் எண்ணியிருப்பார்கள். 1961-க்குப் பின் ஸ்டான் லீ, ஜாக் கர்பி போன்றவர்கள் கடன் தொல்லையும் காதல் ஏமாற்றமும் கொண்ட புதிய வீரர்களைக் கொணர்ந்ததும் மோகம் திரும்பிற்று.

நமது பேசும் படங்களிலும் இவ்வித ஏற்ற இறக்கத்தைக் கண்டிருக்கிறோம். 1930-களில் தமிழ்ப் படமென்றால் பெரும்பாலும் புராணப் படமே. பிறகு சமூகக் கதைகள் வந்து தேவர்களைத் திரையிலிருந்து இறக்கிவிட்டன. 1965-ல் ஏ. பி. நாகராஜன் 'திருவிளையாடல்' எடுத்தார். சிவபெருமான் மீண்டும் கொட்டகைகளை நிரப்பினார். 1987-ல் டெலிவிஷனில் ராமாயணம் வந்தது. 2020-ல் கொரோனாவுக்கு அஞ்சி ஜனங்கள் வீட்டில் அடைந்து கிடந்தபோது அதே ராமாயணத்தை மறுபடியும் போட்டார்கள். தேசமே மறுபடியும் பார்த்தது.

இன்னொரு விசித்திரமும் உண்டு. இங்கிலாந்தில் 1962-ல் சிறுவர் பத்திரிகை ஒன்றில் தோன்றிய இரும்புக்கை வீரன் ஒருவனை 1972-ல் சிவகாசி முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி' என்று தமிழாக்கிற்று. சொந்த நாட்டார் அவனை மறந்து வெகு காலமாயிற்று. தமிழ் நாட்டில் பேரன் எடுத்தவர்கள்கூட இன்றும் அவன் பெயரைச் சொன்னால் முகம் மலர்கிறார்கள்.

முகமூடி அணிந்த வீரனைத் தமிழ்ப் படத்தில் நிலைநாட்டும் முயற்சி மட்டும் எளிதில் பலிக்கவில்லை. 2012-ல் வந்த 'முகமூடி' எதிர்பார்த்த வெற்றியைப் பெறவில்லை. அதில் அதிசயம் என்ன? பத்துப் பேரை ஒரே குத்தில் பறக்கவிடும் கதாநாயகர்கள் நம்மிடம் முகமூடி இல்லாமலே நிறைய இருக்கிறார்கள்!

தென்காசிச் சீமைக்கு இந்த அதிமானுஷர்கள் புதியவர்களல்லர். இன்று தென்காசி ஜில்லாவைச் சேர்ந்த நெற்கட்டுஞ்செவலில் பூலித்தேவர் ஆண்டார். 1755-ல் கர்னல் ஹெரான் பீரங்கியுடன் வந்தும் கோட்டையைக் கைக்கொள்ள முடியாமல் திரும்பினான். கடைசியில் தேவர் கைதியானாரென்றும், சங்கரன்கோயிலில் சுவாமியை வழிபட அனுமதி பெற்று உள்ளே சென்றவர் ஜோதியிற் கலந்து மறைந்தாரென்றும் இப்பக்கத்து ஜனங்கள் கூறுகின்றனர். சரித்திரக்காரர்கள் இதை ஒப்புக்கொள்ள வேண்டுமென்பதில்லை. கும்பினியானுடைய தூக்குமரத்தில் தங்கள் வீரன் தொங்கினான் என்று எண்ணச் சகிக்காத ஒரு ஜன சமூகம் அவனுக்கு மறையும் சக்தியை அளித்தது. க்ளீவ்லாந்து வாலிபர்கள் செய்ததும் ஏறக்குறைய இதுவே.

முத்துப்பட்டன் கதையோ இதைவிட ஆழமானது. பிராமண குலத்திற் பிறந்த பட்டன், தோல் தைக்கும் குலத்துப் பெண்களான பொம்மக்கா, திம்மக்கா என்ற சகோதரிகளை மணக்க விரும்பிப் பூணூலை அறுத்தெறிந்தான். அவர்கள் தகப்பன் சொற்படி செருப்புத் தைத்தான். மாடு திருட வந்த கள்ளரை எதிர்த்துப் போரிட்டு வஞ்சனையால் மாண்டான். பெண்கள் இருவரும் தீப்பாய்ந்தனர். பாபநாசத்துக்கு மேலே மலையில் சொரிமுத்து ஐயனார் கோயிலில் அவன் பட்டவராயனாக நிற்கிறான். அவனுக்கு இன்றும் ஜனங்கள் செலுத்தும் காணிக்கை செருப்பு. உடம்பில் இரும்பில்லை, ஆகாயத்தில் பறக்கவில்லை. ஜாதியை உதறியதே அவனுடைய அதிமானுஷச் செயல்.

அமெரிக்க வீரர்கள் சோர்வதற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறதென்பது நமது அபிப்பிராயம். அவர்களால் சாக முடிவதில்லை. ஒரு படத்தில் இறந்தவன் வேறொரு படத்தில் திரும்பி வருகிறான். திரும்பி வந்தால் பணம் வருமென்று கம்பெனி கணக்குப் போட்டிருக்கிறது. 2009-ல் சுமார் 400 கோடி டாலருக்கு மார்வெலை வாங்கிய டிஸ்னி கம்பெனி, 2019-க்குப் பின் படங்களுடன் தொடர்களையும் அடுக்கடுக்காக வெளியிட்டது. அளவு மிஞ்சி ரசனை சிதறிவிட்டதென்று அதன் தலைவர் பாப் ஐகரே 2023-ல் ஒப்புக்கொண்டார். பட்டன் கதை அப்படியன்று. கோடைக்குக் கோடை வில்லுப்பாட்டில் அவன் சாகிறான். முடிவு தெரிந்தே ஜனங்கள் விடிய விடிய உட்கார்ந்து அழுகிறார்கள். அடுத்த பாகம் இல்லை. அடுத்த வருஷம் அதே கதை. ஆகையால் கம்பெனிச் சரக்கான வீரர்கள் முன்பு மங்கியது போல் இனியும் மங்குவார்கள், வேறு உடையில் திரும்பியும் வருவார்கள். ஜனங்களின் துக்கத்திற் பிறந்தவர்களுக்கு அந்த விதி இல்லை.

இவ்வுண்மையை மலைக்கு அந்தப் பக்கத்தவர் நமக்கு முன்பே கண்டுகொண்டனர். 2025-ல் வந்த 'லோகா' என்ற மலையாளப் படத்தின் சூப்பர் ஹீரோ, கள்ளியங்காட்டு நீலி என்ற யட்சி. அது 300 கோடி ரூபாய்க்கு மேல் வசூலித்ததாகச் செய்திகள் வந்தன. கள்ளியங்காடு இருப்பது நமது நாகர்கோவிலுக்கு அருகில்! நீலி கதையைத் தென்பாண்டி நாட்டார் வில்லடித்துப் பாடியிருக்கின்றனர். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரையில் கணவாய்க்கு அப்பாலுள்ள ராஜ்யத்தோடு சேர்ந்திருந்த ஊர். இரு பக்கத்துக்கும் பேய்களும் தெய்வங்களும் பொது. அவர்கள் எடுத்துக்கொண்டார்களென்று பொறாமைப்பட நமக்கு நியாயமில்லை. 2023-ல் தமிழில் வந்த 'வீரன்' கிராமத்துக் காவல் தெய்வத்தை வைத்துக் கதை செய்தது. முயற்சி நல்லது, இன்னும் தொடர வேண்டும்.

ஆனால் ஊற்று வற்றினால் படம் எங்கிருந்து வரும்? காந்தியடிகளின் சரித்திரத்தையும் வில்லில் இசைத்த சுப்பு ஆறுமுகம் அவர்களுக்கு 2021-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. மறு வருஷம் அவர் காலமானார். கோடை விழாக்களில் வில்லுக்கு இருந்த இடத்தை மெல்லிசைக் கச்சேரி பிடித்து வருகிறது. வீசுகோல் பிடிக்கத் தெரிந்த அண்ணாவிகளின் பிள்ளைகள் வேறு பிழைப்புத் தேடிப் போவதை நாம் குறை கூற முடியாது. ஓரிரவுக் கூலியைக் கொண்டு யார்தான் ஒரு மாதம் உண்பது? பெரும் பாடல்களை நா. வானமாமலை போன்றவர்கள் அச்சிற் கொணர்ந்தனர். ஆயினும் குடமும் உடுக்கையும் சேரும்போது சபையில் எழும் அந்த விம்மலை அச்சு தர மாட்டாது.

குற்றாலத்தில் சர்க்கார் நடத்தும் சாரல் விழாவில் கலை நிகழ்ச்சிகளுக்குப் பணம் ஒதுக்கப்படுகிறது. அதில் ஓர் இரவு முழுவதையும் இந்த ஜில்லாவின் வில்லுப்பாட்டுக் குழுக்களுக்கு விட்டுவிட வேண்டும். ஐந்து நிமிஷ வரவேற்புப் பாட்டாக அதைச் சுருக்குதல் கூடாது. பள்ளி ஆண்டு விழாக்களிலும் அவர்களை நியாயமான சன்மானத்துடன் அழைக்கலாம். பூலித்தேவர் கதையையும் பட்டன் கதையையும் வர்ணப் படக்கதைகளாக அச்சிடுவதற்குத் தொலைவு போக வேண்டியதில்லை. இரும்புக்கை மாயாவியை அச்சிட்ட சிவகாசி, சங்கரன்கோயிலிலிருந்து சில மணி நேரப் பிரயாணம்கூட இல்லை.