கே.கே. நகர் டைரி: சூடு ஆறுறதுக்குள்ள...

எங்கள் கீழ்வீட்டு டீச்சரின் கணவர் போன மாதம் தவறிவிட்டார். "நல்லதுக்குப் போகாட்டியும் கெட்டதுக்குப் போயிடணும்" என்று அம்மா போனிலேயே ஆர்டர் போட்டுவிட்டார். ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு ஜெபக்கூட்டத்துக்குப் போய், வாசலில் போட்டிருந்த பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்தேன். பைபிளின் 90-ம் சங்கீதத்தை முதன்முதலாகக் கேட்டது அங்கேதான்.

மோசேயின் ஜெபம் என்ற தலைப்போடு வரும் பாட்டு அது. மனுஷ ஆயுசு எழுபது, தெம்பிருந்தால் எண்பது என்று கணக்குச் சொல்கிறது. பிறகு, அந்த நாள்களை எண்ணக் கத்துக்கொடு என்று கடவுளிடமே கேட்கிறது. எழுபது வருஷம் என்றால் சுமார் 25,500 நாள். 25 வயதில் நான் அதில் 9,100-ஐத் தாண்டிவிட்டேன். ஜெபம் நடக்கும்போதே போனில் கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்தேன். மன்னிச்சிடுங்க டீச்சர்!

ஒரு வாரம் கழித்து டீயோடு உட்கார்ந்திருந்தபோது கேட்டேன். "பைபிள்ல எல்லாமே மாயைன்னு ஒரு புத்தகம் இருக்காமே டீச்சர்? அதைப் படிச்சா இன்னும் கஷ்டமா இருக்காதா?"

"பிரசங்கியா? அதை முழுசாப் படிச்சுப் பாரும்மா. அங்கிளுக்கு அதுதான் ரொம்பப் பிடிக்கும்" என்றார்.

படித்தேன். பன்னிரண்டே அதிகாரம்தான், ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனால், அந்த 'மாயை' என்ற சொல்தான் என்னைக் குழப்பியது. மாயை என்றால் நமக்கு 'இல்லாத ஒன்று, பொய்த்தோற்றம்' என்றுதானே மனசில் ஓடும்? எபிரேய மூலத்தில் இருக்கும் சொல் 'ஹெவெல்'. அதற்கு மூச்சுக்காற்று, ஆவி என்று அர்த்தமாம். டீ டம்ளர் மேலே எழுகிறதே, அந்த ஆவி. அது பொய் இல்லை, கையை வைத்தால் சுடும். பிடித்து வைக்கத்தான் முடியாது. இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். பைபிள் கதையில் முதன்முதலில் செத்துப்போகிற ஆள் ஆபேல். எபிரேயத்தில் அவர் பெயரும் இதே ஹெவெல்தான்.

இப்படிப் படித்தால் மொத்தப் புத்தகமும் வேறு மாதிரி ஆகிவிடுகிறது. விருந்து வீட்டைவிடச் சாவு வீட்டுக்குப் போவது நல்லது என்று ஏழாம் அதிகாரத்தில் சொல்கிறவர் (அம்மா கட்சி!), ஒன்பதாம் அதிகாரத்தில் சந்தோஷமாகச் சாப்பிடு, வெள்ளை உடுப்பு போடு, தலைக்கு எண்ணெய் வை, பிரியமான மனைவியோடு வாழ்க்கையை அனுபவி, கைக்கு வந்த வேலையை முழு மூச்சாகச் செய் என்கிறார். அத்தனைக்கும் ஒரே காரணம், சாவு வரும் என்பதுதான். சும்மா பயமுறுத்துகிற ஆளாக எனக்குத் தெரியவில்லை.

திருச்சிக்காரர்களுக்கு இதில் ஒரு உள்ளூர்க் கதையும் உண்டு. "ஹீபர் காலேஜ் ஒண்ணு" என்று பஸ்ஸில் டிக்கெட் எடுக்கிற எத்தனை பேருக்கு அந்த ஹீபர் யார் என்று தெரியும்? ரெஜினால்டு ஹீபர், கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பிஷப். இந்தியா வந்து இரண்டரை வருஷம்தான் ஆகியிருந்தது. 1826-ல் ஈஸ்டரை தஞ்சாவூரில் முடித்துக்கொண்டு திருச்சி வந்தார். ஏப்ரல் 3, திங்கட்கிழமை. காலையிலேயே கோட்டைக்குப் போய், ஸ்வார்ட்ஸ் ஐயர் 1766-ல் கட்டிய கிறிஸ்து நாதர் ஆலயத்தில் தமிழ்ச் சபையாருக்குத் திடப்படுத்தல் ஆராதனை நடத்தினார். தங்கியிருந்த பங்களாவுக்குத் திரும்பி, வெயிலுக்கு இதமாகக் குளிக்கப் போனார். ரொம்ப நேரமாகியும் ஆள் வரவில்லையே என்று பணியாள் உள்ளே போய்ப் பார்த்தபோது தண்ணீரில் உயிர் இல்லாமல் கிடந்தார். 43-வது பிறந்தநாளுக்கு இன்னும் 18 நாள் இருந்தது. மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் தூரத்தில், கல்கத்தாவில் இருந்தார்கள்.

அவர் கல்லறை ஜங்ஷன் பக்கம் இருக்கும் செயின்ட் ஜான்ஸ் சர்ச்சில் இருக்கிறது. கே.கே. நகரிலிருந்து அந்த வழியாகத்தான் தினமும் போகிறேன். போன வாரம்தான் உள்ளே நுழைந்தேன்.

அங்கே நின்றுகொண்டு ஹீபருக்கும் கணக்குப் போட்டேன். 15,687 நாள். அந்தக் கடைசி நாளின் காலையை அவர் எப்போதும் செய்கிற வேலையைச் செய்துதான் கழித்திருக்கிறார். அன்றைக்கு என்று தனியாக எதுவும் இல்லை. டீச்சர் வீட்டு அங்கிளும் அப்படித்தான். முந்தின நாள் சாயங்காலம் மொட்டைமாடியில் என் செடிக்கும் சேர்த்துத் தண்ணி ஊற்றிவிட்டுப் போனார். நான் காதில் இயர்போனோடு தலையை மட்டும் ஆட்டினேன். ஒரு தேங்க்ஸ் சொல்லவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

என் பாட்டி ஸ்ரீரங்கத்தில் இருக்கிறார். வயசு 81. சங்கீதக் கணக்குப்படி போனஸில் ஓடுகிற ஆட்டம். இங்கிருந்து ஜங்ஷன் போய் ஒண்ணாம் நம்பர் பஸ் பிடித்தால் போதும். ஆனால், தை மாசத்திலிருந்து "அடுத்த வாரம் வர்றேன் பாட்டி" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

சர்ச் வாசலில் நின்றே போன் போட்டேன்.

"இன்னிக்கே வர்றேன் பாட்டி."

"என்னடி, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று பதறினார். ஒன்றுமில்லை என்று சொல்லிப் புரியவைக்கவே இரண்டு நிமிஷம் ஆனது.

"சரி, வர்றதா இருந்தா வெத்தலை வாங்கிட்டு வா. போன தடவை மாதிரி முத்தலா வாங்காதே, கொழுந்தாப் பார்த்து வாங்கு."