குதிரையின் முதுகுக்கு யார் அளவெடுப்பது?

நம் எழுத்துகளில் கடிவாளத்துக்குப் பஞ்சமில்லை. ஆசைக்குக் கடிவாளம், நாவுக்குக் கடிவாளம், விலைவாசிக்குக் கடிவாளம் என்று அதனை நாள்தோறும் எடுத்தாள்கிறோம். கலினம், பல்லணம், சேணம், அங்கவடி என்று குதிரைக்குப் பூட்டுபவற்றுக்குத் தனித்தனிச் சொற்கள் வைத்திருக்கும் மொழி நம்முடையது. கடல்வழி வந்திறங்கிய புரவிகளைப் பட்டினப்பாலையிலேயே பாடிவிட்ட மொழி. ஆயினும் கடிவாளம் என்பது ஓர் உயிரின் வாய்க்குள் கிடக்கும் இரும்பு என்பதும், சேணம் என்பது ஓர் உயிரின் தோல்மீது அழுந்தும் எடை என்பதும் நம் நினைவுக்கு வருவது அரிது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்கோ போலோ, பெரும்பொருள் கொடுத்து வாங்கப்பட்ட குதிரைகள் பேணத் தெரியாமையால் இங்கே மடிந்துபோவதாக எழுதிவைத்தார். சொல் இருந்த அளவுக்குக் கவனம் இருக்கவில்லை போலும்.

குதிரையின் நலம் விலங்கன்பர்களின் கவலை என்றும், ஏறுபவரின் பாதுகாப்பு பயிற்சியாளர்களின் கவலை என்றும் இரண்டாகப் பிரித்துப் பேசுவது வழக்கம். இந்தப் பிரிவினையே தவறு என்பது நம் கருத்து. குதிரைக்கு வலிக்காத சேணந்தான் மனிதரைக் காக்கும் சேணம்.

சேணத்தின் உள்ளே மரத்தாலோ செயற்கைப் பொருளாலோ ஆன ஒரு சட்டகம் இருக்கிறது. ஏறுபவரின் எடையை முதுகெலும்பின் இருபுறத் தசைகளிலும் பரப்பிவிடுவதே அதன் வேலை. முதுகெலும்பின்மீது எடை இறங்கவே கூடாது. கழுத்து முடிந்து முதுகு தொடங்குமிடத்தில் உயர்ந்து நிற்கும் எலும்பு மேட்டுக்கும் சேணத்துக்கும் இடையே, ஆள் ஏறி அமர்ந்த பின்னரும், இரண்டு மூன்று விரல்கள் நுழைய இடமிருக்க வேண்டும். முன்புறம் அது தோள்பட்டை எலும்பின் அசைவைத் தடுக்காமல் அதன் பின்னே அமரவேண்டும். பின்புறம் கடைசி விலா எலும்பைத் தாண்டலாகாது. அதற்கப்பால் எடை தாங்க விலாக்கூட்டின் துணை இல்லை. சட்டகம் குறுகியிருந்தால் தோளருகே கிள்ளும். அகன்றிருந்தால் முன்புறம் தாழ்ந்து அந்த எலும்பு மேட்டின்மேலேயே உட்காரும். முன்னும் பின்னும் மட்டும் தொட்டு நடுவே தொடாத சேணம், பரவவேண்டிய எடை முழுவதையும் நான்கு புள்ளிகளில் குவித்துவிடும்.

சேணத்தைக் கழற்றியதும் முதுகின் வியர்வையைப் பாருங்கள் என்பார்கள் பழகியவர்கள். சீராக நனைந்த தசையின்மேல் ஒரு சிறு திட்டு மட்டும் வறண்டிருந்தால் அங்கே அழுத்தம் மிகுதியோ என்று ஐயுற வேண்டும். கரும்பழுப்புக் குதிரையின் தோளருகே தெரியும் வெண்மயிர்த் திட்டுகளைப் பிறவி அடையாளம் என்று வியப்பவர்கள் உண்டு. பல வேளைகளில் அவை பழைய சேணம் விட்டுச்சென்ற தழும்புகளே. அடியில் மெத்தென்ற துணிகளை அடுக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையும் பரவலாக உண்டு; ஏற்கெனவே இறுகிய சேணம் அதனால் மேலும் இறுகுமேயன்றி வேறு பயனில்லை. ஒருமுறை பொருந்திய சேணம் என்றென்றும் பொருந்தும் என்பதற்கும் உறுதியில்லை. தீனி, வயது, பயிற்சி, ஓய்வு ஒவ்வொன்றும் முதுகின் வடிவை மாற்றும். ஆண்டுக்கு ஓரிரு முறையேனும் மறுபடி பொருத்திப் பார்த்தே ஆகவேண்டும்.

குதிரை வேட்டைவிலங்குகளுக்கு இரையாகி வந்த இனம். வலியை வெளிக்காட்டுவது அதன் இயல்பன்று. எனவே அது தரும் குறிப்புகள் சிறியவை: சேணத்தைக் கொண்டுவரும்போது காதை மடக்கும், வயிற்றுவாரை இழுக்கும்போது திரும்பிக் கடிக்கப் பார்க்கும், வாலைச் சுழற்றும், நடையில் தயங்கும். இவற்றை நாம் திமிர் என்றும் முரட்டுத்தனம் என்றும் பெயரிட்டுச் சாட்டையை எடுக்கிறோம். கால்நடை மருத்துவர் சூ டைசனும் அவருடைய குழுவினரும் 2018-இல், ஆள் ஏறியிருக்கும் குதிரையிடம் காணக்கூடிய 24 நடத்தைகளைத் தொகுத்து வெளியிட்டனர். அவற்றுள் 8 அல்லது அதற்கு மேற்பட்டவை தென்பட்டால் அக்குதிரைக்கு எங்கோ வலி இருக்கக்கூடும் என்பது அவர்கள் கண்ட முடிவு. நம்மிடம் ‘கெட்ட குதிரை’ என்று பட்டம் வாங்கியவற்றுள் எத்தனை வெறும் வலியுள்ள குதிரைகளோ! வலி பொறுக்காது ஒருநாள் அது பின்னங்கால்களை உதறினால் மண்ணில் விழுவது மனிதர்தாம்.

வாயின் கதையும் இதுவே. முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லில்லாத ஈறு ஒன்று உண்டு. கடிவாளத்தின் இரும்பு அங்கே நாவின்மேல் கிடக்கிறது. அந்த ஈறு எலும்பின்மேல் போர்த்திய மெல்லிய தோலேயன்றி வேறில்லை. இரும்பு குறுகினால் உதட்டோரம் நசுங்கும்; நீண்டால் பக்கவாட்டில் இழுபடும். பருத்த இரும்பு மென்மையானது என்று பொதுவாகச் சொல்வர். சிறிய வாயும் தடித்த நாவும் உள்ள குதிரைக்கு அது வாய் நிறையத் திணித்த சுமை. வாய் திறப்பதைத் தடுக்க மூக்குப்பட்டையை இறுக்குவதோ வலியை அல்ல, வலியின் அறிகுறியை மட்டுமே அடைக்கிறது. பன்னாட்டுக் குதிரையேற்றக் கூட்டமைப்பு 2025-இல் இந்த இறுக்கத்தை அளக்கவென்றே ஒரு கருவியைப் போட்டிகளில் நடைமுறைப்படுத்தியது. மூக்கெலும்பின்மேல் 1.5 செ.மீ. இடைவெளி வேண்டும் என்பது விதி. இரண்டு விரல் நுழையவேண்டும் என்று வழிவழியாகச் சொல்லப்பட்டதை அளவுகோலால் கட்டாயப்படுத்த வேண்டியிருந்தது என்பதே நிலைமையைச் சொல்லும்.

இலக்கியம் இவ்விடத்தில் ஏதேனும் செய்ததா? செய்தது. அன்னா சூவல் 1877-இல் வெளியிட்ட ‘பிளாக் பியூட்டி’ ஒரு குதிரையே தன் வரலாற்றைச் சொல்லும் புதினம். பதினான்காம் வயதில் விழுந்து கால் ஊனமுற்ற சூவல், அதன்பின் வாழ்நாளெல்லாம் குதிரை வண்டியை நம்பி வாழ்ந்தவர். அக்கால இங்கிலாந்தில் வண்டிக்குதிரைகளின் தலையை நிமிர்த்தியே வைக்க ஒரு வாரைப் பூட்டி இறுக்குவது நாகரிகமாக இருந்தது. தலையைத் தாழ்த்தினால்தான் மேட்டில் சுமை இழுக்க இயலும். வாரோ அதற்கு விடாது. மூச்சு திணறும், முதுகு நோகும். பார்வைக்கு மட்டும் கம்பீரம்! அந்த வழக்கம் மங்கியதில் இப்புதினத்துக்குப் பெரும்பங்கு உண்டு. நூல் வெளிவந்த சில மாதங்களில், 1878-இல், அவர் மறைந்துவிட்டார். குழந்தைகள் கதை என்று நாம் அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்துவிட்ட அந்நூல், ஒரு தோல்வாரை எதிர்த்து எழுதப்பட்டது என்பதை மறக்கலாகாது.

நம் நாட்டில் சட்டமும் வாய்மூடி இருக்கவில்லை. வண்டியிழுக்கும், பொதி சுமக்கும் விலங்குகளுக்கான 1965-ஆம் ஆண்டின் வதைத் தடுப்பு விதிகள், முள் பதித்த கடிவாளத்தைத் தெளிவாகத் தடைசெய்கின்றன. ஆனாலும் வட இந்தியத் திருமண ஊர்வலக் குதிரைகளின் வாயிலிருந்து அத்தகைய கடிவாளங்களை விலங்குநல அமைப்பினர் கழற்றி எடுத்த செய்திகள் வந்தவண்ணம் உள்ளன.

நம் கடற்கரைகளிலும் மலைநகரங்களிலும் வாடகைக்கு நிற்கும் குதிரைகளிடம் நாம் கண்டவை வேறு வகை. ஒரே சேணம் மூன்று குதிரைகளுக்கு மாறிமாறிப் போகிறது. சணல் சாக்கை மடித்து ஓட்டையை அடைத்திருக்கிறார்கள். அங்கவடி எட்டாத சிறுவர்களின் பாதங்களை, வாரின் மடிப்புக்குள் செருகி விடுகிறார்கள். இதைவிட ஆபத்தானது வேறில்லை: பிள்ளை சரிந்தால் கால் விடுபடாது, குதிரை இழுத்துக்கொண்டே போகும். அங்கவடி பாதத்தைவிட இருபுறமும் ஒரு விரலளவு அகன்றிருக்க வேண்டும் என்பதும் இதற்காகத்தான். குறுகினால் கால் சிக்கும், மிக அகன்றால் பாதம் முழுதும் உள்ளே போய்விடும்.

குதிரைக்காரரை மட்டும் குற்றஞ்சாட்டுவது எளிது; நாம் அதைச் செய்யமாட்டோம். அன்றாட வருவாயில் தீனியும் லாடமும் போக அவரிடம் மிஞ்சுவது சொற்பம். சேணத்துக்குப் புவிசார் குறியீடு பெற்ற கான்பூர் இந்நாட்டில்தான் இருக்கிறது. அங்கே உருவாகும் நல்ல சேணங்கள் ஐரோப்பாவுக்குக் கப்பலேறுகின்றன. நம் கடற்கரைக் குதிரைக்குச் சாக்குத்துணி! உரிமம் வழங்கும் உள்ளாட்சி அமைப்புகள் குதிரையை மட்டும் பாராமல், அதன்மேல் பூட்டியிருப்பதையும் ஒரு கால்நடை மருத்துவரைக் கொண்டு பார்வையிடச் செய்யலாம். பொருந்தாததை மாற்றச் சிறுகடன் தரலாம். ஒரு சுற்றுலாப் பருவத்தின் விளம்பரச் செலவில் சிறு பகுதி போதும்.

அதுவரை, பிள்ளையைக் குதிரைமேல் ஏற்றுமுன் வயிற்றுவாரின் தையலைப் பாருங்கள், அங்கவடியைப் பிள்ளையின் காலுக்கேற்ப ஏற்றிக் கட்டச் சொல்லுங்கள், சேணத்தின் விளிம்பைச் சற்றே தூக்கி அடியில் புண் இருக்கிறதா என்று கேளுங்கள். காட்ட மறுத்தால் ஏறவேண்டாம். பேசிய கூலியில் பாதியையேனும் கொடுத்துவிட்டு நடந்து வாருங்கள்.