சமையல் அறைக்குக் கார்னிஸ் தேவையா?

புது வீடு கட்டுகிறவர்கள் பலருக்கு ஓர் ஆசை உண்டு. கூடத்தில் இருப்பது போலச் சமையல் அறையிலும், சுவரின் மேல் விளிம்பில் பூ வேலைப்பாடு ஓட வேண்டும் என்பதே அந்த ஆசை.

ஆசைப்படுவதில் தவறு இல்லை. நாளெல்லாம் அடுப்படியில் நிற்கிறவர்களுக்கு அந்த அறை அழகாக இருக்கக் கூடாதா? ஆனால் அதை எங்கே வைப்பது, எதனால் செய்வது, யார் துடைப்பது என்பதை முதலிலேயே யோசிக்க வேண்டும்.

மழையைத் தள்ளும் விளிம்பு

புதுச்சேரிக்கு இந்த வேலைப்பாடு புதிது அல்ல. பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே பிரெஞ்சுக்காரர் பகுதி. மேற்கே தமிழர் பகுதி. தமிழர் பகுதியில் உள்ள சில பழைய மாடி வீடுகளைப் பாருங்கள். கீழே திண்ணையும் முற்றமும் தமிழ் முறை. மேலே தூண்களும் வளைவு ஜன்னல்களும் பிரெஞ்சு முறை. சுவரை விட்டு வெளியே நீண்டு ஒரு விளிம்பு ஓடும். அதுதான் கார்னிஸ்.

வேண்டிய வடிவத்தில் ஒரு தகட்டை வெட்டிக் கட்டையில் பொருத்துவார்கள். சுவரில் சுண்ணாம்புக் கலவையை அப்பி, காயும் முன் அந்தத் தகட்டை நேராக இழுப்பார்கள். வடிவம் பதிந்துவிடும்.

அது அழகுக்கு மட்டும் அல்ல. மழைநீர் சுவரில் வழியாமல், தள்ளிச் சொட்டும். சுவர் பிழைக்கும்.

ஈரம் பொல்லாதது! கடற்கரையில் உள்ள பழைய மேரி கட்டிடம், 2014 நவம்பரில் பெருமழையின்போது இடிந்து விழுந்தது. திரும்பக் கட்டி, 2021-ல்தான் திறந்தார்கள்.

அடுப்படியில் என்ன ஆகும்?

சமையல் அறைக்குள் மழை பெய்வதில்லை. ஆனால் ஆவி உண்டு. தாளிக்கும் புகை உண்டு. கடற்காற்றின் ஈரமும் சேர்ந்துகொள்ளும்.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஈரம் ஏறினால் இளகி உதிரும். பாரிஸ் நகரில் ஜிப்சம் வெட்டியதால் வந்த பெயர் அது. பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். மர பீடிங் வைத்தால், ஈரத்தோடு கரையானும் வரும். தெர்மாகோல் விளிம்போ எளிதில் தீப்பற்றும். அடுப்புப் பக்கம் அது வரவே கூடாது.

எதனால் செய்தாலும், மடிப்புகளில் எண்ணெய்ப் பிசுக்கு படியும். ஏணி போட்டு ஏறித் துடைக்க மேஸ்திரி வருவாரா? பெரும்பாலும் வீட்டுப் பெண்தான் ஏற வேண்டும்.

சரியான இடம் எது?

சமையல் அறையில் விளிம்பு வேண்டிய இடம் மேலே அல்ல, கீழே. மேடையும் சுவரும் சேரும் மூலையில்தான் தண்ணீர் இறங்கும், கரப்பான் ஒளியும். அங்கே இடைவெளி இல்லாமல் கல்லோ டைல்ஸோ பதிக்கலாம். தரையோரம் ஸ்கர்ட்டிங் வைக்கலாம். அழகு வேண்டுமா? மேடைக்கு மேல் ஒரு வரிசை பூப்போட்ட டைல்ஸ் போதும். ஈரத் துணியால் ஒரு முறை துடைத்தால் பளிச்சென்று ஆகிவிடும்.

பழைய வீட்டில் சுண்ணாம்பு வேலைப்பாடு இருந்தால் அதை உடைக்க வேண்டாம். அதன்மேல் சிமெண்டும் பூச வேண்டாம். சிமெண்ட் ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடித்து, சுண்ணாம்பாலேயே பழுது பார்ப்பதுதான் நல்லது.

அலங்காரம் ஏதாவது ஒரு வேலை செய்ய வேண்டும். வேலை செய்யாத அலங்காரம், வீட்டில் உள்ளவர்களுக்குத்தான் வேலை வைக்கும்!