கோயில் கேட்டோம், பள்ளி கேட்டோம், திடலைக் கேட்டோமா?

மாசி மாதம் வந்தால் கெடாவில் பால்மரங்கள் இலை உதிர்த்து மொட்டையாய் நிற்கும். நிரைக்குள் நடந்தால் காலடியில் சருகு நொறுங்கும். எப்போதும் இருண்டு கிடக்கிற காட்டுக்குள்ளே அந்தக் கொஞ்ச நாள் வானம் தெரியும். பங்குனியில் செம்பு நிறத்தில் கொழுந்து வரும், அப்புறம் பூப்பூக்கும். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிற நமக்கு வசந்தகாலம் ஏது என்று படித்தவர்கள் சொல்வார்கள். அவர்கள் பால்மரக் காட்டுக்குள் காலை வைத்தவர்களாக இருக்கமாட்டார்கள். நாட்டின் வடகோடியில் இருக்கிற கெடாவில் தை, மாசி வெயில் கடுமை. ஆகையால் தெற்கே இருக்கிற தோட்டங்களைவிட இங்கே இலையுதிர்வு நன்றாகவே தெரியும்.

ஆனால் அந்த வசந்தம் நம் சட்டைப்பையில் வராது. இலை உதிர்ந்த மரம் பால் கொடுக்காது. மங்கின் அடி நனைந்திருக்கும், அவ்வளவுதான். காண்டா வாளியைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் பாதி வாளியோடு திரும்புவார்கள். கொழுந்து முற்றி இலை பச்சை பிடிக்கிற வரைக்கும் கைக்கும் வாய்க்கும் இழுபறிதான்.

அப்படிக் கை காய்ந்த மாதங்களில்தான் நம் முன்னோர்கள் தோட்டத் திருவிழாவை வைத்தார்கள் என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும். பங்குனி உத்திரம், சித்திரை முதல் நாள், சித்திரைப் பௌர்ணமி என்று நாள் வேறு வேறாக இருக்கலாம். வேலை குறைந்திருக்கிற நேரம் என்பது ஒரு காரணம். மாதா மாதம் சம்பளத்தில் ஒரு வெள்ளி, இரண்டு வெள்ளி என்று கோயிலுக்குப் பிடித்து வைத்த பணம் சேர்ந்திருக்கும் என்பது இன்னொரு காரணம்.

நாம் பிறந்து வளர்ந்த தோட்டத்திலும் அப்படித்தான். காலையில் பால்குடம், மாலையில் தீமிதி, இரவு அம்மன் ஊர்வலம். இதெல்லாம் கோயில் சங்கதி. ஆனால் திருவிழாவின் மறுபாதி கோயிலுக்கு எதிரே இருந்த திடலில் நடந்தது. கயிறு இழுத்தல், சாக்கு ஓட்டம், உறியடி, வழுக்குமரம், சடுகுடு எல்லாம் உண்டு. பக்கத்துத் தோட்டத்துக் குழுக்கள் லோரியில் வந்து இறங்கிப் பந்தடிக்கும். வெறுங்காலோடு ஆடிய ஆட்கள் அவர்கள்! விடியற்காலை பெரட்டுக்குப் போய், வெட்டு முடித்து, பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து ஆடுவார்கள். இரவில் அதே திடலில் தகரப் பீப்பாய்களின் மேல் பலகை போட்டால் மேடை தயார். மூன்று மாதம் ஒத்திகை பார்த்த நாடகம் நடக்கும். பெண் வேஷம் போட்டவர் மறுநாள் காலையில் நம் பக்கத்து நிரையில் பால் வெட்டிக்கொண்டிருப்பார். "என்னா அல்லி, ராத்திரி தூங்கினீங்களா?" என்று கிண்டல் செய்வார்கள். கிராணியார்கூடச் சிரித்துவிடுவார்.

பழசையெல்லாம் தங்கமுலாம் பூசிக் காட்டவேண்டியதில்லை. திருவிழா இரவில் கள்ளும் சம்சுவும் ஓடின. பந்து விளையாட்டில் ஆரம்பித்த தகராறு மூங்கில் கழியில் முடிந்த ஆண்டுகளும் உண்டு. கரகம் யார் எடுப்பது, தேர் எந்த லயத்துப் பக்கம் முதலில் போவது என்பதில் சாதி பேசியவர்களும் இருந்தார்கள். பெண்பிள்ளைகள் திடலின் ஓரத்தோடு சரி. ஆனாலும் ஒன்று நிச்சயம். அங்கே ஆடினவர்களும் நாம், பாடினவர்களும் நாம், கை தட்டினவர்களும் நாம்.

அண்மையில் சுங்கைப்பட்டாணி பக்கம் ஒரு தாமானுக்குப் போயிருந்தோம். தோட்டம் கைமாறியபோது வெளியேறிய குடும்பங்கள் பல அங்கே இருக்கின்றன. கோயிலை நன்றாகவே கட்டியிருக்கிறார்கள். திருவிழாவுக்குப் பெரிய கூடாரம், ஒலிபெருக்கி, அன்னதானம், வெளியிலிருந்து வந்த இசைக்குழு. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பையன்கள் எங்கே என்று தேடினோம். கோயிலுக்குப் பின்னால், கார் நிறுத்துகிற சிமெண்டுத் தரையில், இரண்டு ஜோடிச் செருப்பை கோல் கம்பமாக வைத்துப் பந்தடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு காடி உள்ளே வரும்போதெல்லாம் ஆட்டம் நின்றது. அந்தக் காலத்தில் தோட்டக் குழுவுக்குக் கோல் காத்த பெரியவர் ஒருவர் நம்மோடு நின்று பார்த்தார். "தம்பி, நாங்க கோயிலுக்கு நெலம் கேட்டோம், குடுத்தாங்க. ஸ்கூலுக்குக் கேட்டோம், ரொம்ப நாள் அலைஞ்சு கிடைச்சுச்சு. வூட்டுக்குக் கேட்டோம். திடலு நம்ம கூடவே வந்துடும்னு நெனைச்சிட்டோம் போல" என்றார்.

அந்தப் பேச்சுத்தான் இந்த வாரம் நம்மை எழுத வைத்தது.

கெடாவில் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப் பலகைகளைப் பாருங்கள். ஆர்வார்டு தோட்டம், விக்டோரியா தோட்டம், ஹென்ரியட்டா தோட்டம், படேனோக் தோட்டம், டப்ளின் தோட்டம் 7-ஆம் பிரிவு. தோட்டத்தின் பேரைப் பள்ளிகள் இன்னும் சுமந்து நிற்கின்றன. நாம் போராடிக் கேட்டதால் பள்ளி நின்றது. கோயிலும் அப்படித்தான். திடலுக்கு மட்டும் பெயர்ப் பலகையும் இல்லை, பெயர்ப் பட்டியலும் இல்லை. அது தோட்டத்து நிலம், நாம் புல் வெட்டிக் கோடு போட்டு வைத்திருந்தோம், அவ்வளவுதான். செம்பனை நடவும் வீடு கட்டவும் நிலம் போனபோது முதலில் போனதும் அதுதான், சத்தமில்லாமல் போனதும் அதுதான். தோட்டத்து நிலத்தில் கோல்ஃப் ஆடப் புல்தரை போட்ட கதையும் கெடாவில் உண்டு. பெரிய மனிதர்கள் ஆட இடம் கிடைக்கிறது!

திடல் வெறும் விளையாட்டுக்கு மட்டுமா? 1946, 1947 ஆண்டுகளில் பீடோங் பக்கத்து ஆர்வார்டு தோட்டத்தில் அ. மு. சாமி தொண்டர் படையை நடத்தினார். இளைஞர்களைச் சேர்த்துக் கள்ளுக்கடையை எதிர்த்துக் கெடா முழுதும் பேச வைத்தார். அந்த இளைஞர்கள் அன்று எங்கே கூடியிருப்பார்கள்? பத்துக்குப் பத்து லயத்து வீட்டுக்குள்ளா? ஒரு சமூகம் கூடி நிற்க வெட்டவெளி வேண்டும்.

நம்மைப்போலவே தோட்டத்துக்காகக் கடல் கடந்து தீவுகளுக்குப் போனவர்கள் என்ன செய்கிறார்கள் என்றும் பார்ப்போம்.

இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டத்துத் தமிழர்கள் மாசி, பங்குனியில் காமன் கூத்து ஆடுகிறார்கள். காமன் கம்பம் நட்டு, ரதியும் மன்மதனும் வேஷம் கட்டி நாள்கணக்கில் ஆடி, சிவன் எரிக்க மன்மதன் சாம்பலாகிற கதை அது. நேர்ந்துகொண்டவர்கள் தோட்டத் தொழிலாளர்களே. கொழுந்து எடுக்கிறவர் வீட்டுப் பிள்ளைதான் மன்மதன். அதே தீவில் சித்திரை வருஷப் பிறப்பைச் சிங்களவரும் தமிழரும் சேர்ந்தே கொண்டாடுகிறார்கள். அந்த நாட்களில் கிராமத்துக்குக் கிராமம் வழுக்குமரமும் கயிறு இழுத்தலும் தலையணைச் சண்டையும் நடக்கின்றன. அங்கே வருஷப் பிறப்பு அரசாங்க விடுமுறை. இங்கே நமக்கு அந்த விடுமுறையும் கிடையாது.

இன்னும் தூரத்தில், பசிபிக் கடலில் பிஜித் தீவுகள். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து தென்னிந்தியர்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புத் தோட்டங்களுக்கு ஏற்றிப் போனார்கள். 1926-இல் சாது குப்புசாமி முன்னின்று தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கத்தைத் தொடங்கினார். பள்ளிகள் கட்டினார்கள், கோயில்கள் கட்டினார்கள். நம்மவர்கள் கவனிக்க வேண்டியது இதற்குப் பிறகுதான். அந்தச் சங்கம் ஈஸ்டர் விடுமுறையில் மாநாடு கூட்டுகிறது. அதாவது நமக்குப் பங்குனி, சித்திரை நேரம். மாநாடு என்றால் மேடைப் பேச்சு மட்டும் இல்லை. தீவுகளின் பல ஊர்களிலிருந்து கால்பந்துக் குழுக்கள் வருகின்றன. பெண்கள் வலைப்பந்து ஆடுகிறார்கள். அங்கே நம்மவர் வீடுகளில் பிஜி இந்திதான் பெரும்பாலும் பேச்சுமொழி, தமிழ் மெலிந்துபோயிற்று. மொழி மெலிந்த இடத்திலும் "சங்கம்" என்ற தமிழ்ச்சொல்லைச் சொல்லி ஒரு திடலில் ஆயிரக்கணக்கானோரைக் கூட்ட முடிகிறதே! பந்துதான் பேரப்பிள்ளைகளைக் கூட்டி வருகிறது. வந்த பிறகு சங்கத்தின் மற்றக் காரியங்கள் அவர்கள் காதில் விழுகின்றன. நாம் இங்கே தலைகீழாகச் செய்கிறோம். முதலில் சொற்பொழிவு வைக்கிறோம், இளைஞர்கள் வரவில்லையே என்று அடுத்த சொற்பொழிவில் வருத்தப்படுகிறோம்.

நம் கெடாவுக்கும் ஒரு தீவு இருக்கிறது. லங்காவி 1987-இல் வரியில்லாத் தீவானது. 1991-இல் அங்கே விமானக் கண்காட்சி தொடங்கிற்று, 1996-இல் அதன் பெயரில் சைக்கிள் பந்தயம் வந்தது. நல்ல காரியங்களே, நாட்டுக்கு வருமானம். பிள்ளைகளைக் கூட்டிப் போய்க் காட்டலாம். ஆனால் அங்கே நாம் வேடிக்கை பார்க்க நிற்பவர்கள். தோட்டத் திருவிழாவில் நாம் ஆடினவர்கள். இப்போது நம் கோயில் திருவிழாவும் லங்காவி மாதிரியே ஆகிக்கொண்டு வருகிறது என்பதுதான் நம் வருத்தம். வெளியூர் இசைக்குழுவுக்குக் கொடுக்கிற தொகையில் பாதியை ஒதுக்கினால் நான்கு தாமான்களின் பிள்ளைகளுக்குச் சட்டையும் பந்தும் கோப்பையும் வாங்கி, நாடகத்துக்கு மேடையும் போடலாமே.

"சாமி காரியத்துல பந்து எதுக்கு?" என்று கேட்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள். ஐயா, அம்மன் எதிரே திடலை வைத்துக்கொண்டு அத்தனை ஆண்டு பார்த்துக்கொண்டுதானே இருந்தாள்? "வயித்துப்பாட்டுக்கே வழியில்ல, விளையாட்டு ஒரு கேடா?" என்று கேட்கிறவர்களுக்கு, மங்கு காய்ந்த மாசியில் ஒரு வெள்ளி கொடுத்துத் திருவிழா நடத்திய நம் தாய் தகப்பனை நினைவூட்டுகிறோம்.

நம்மால் முடியாத காரியம் இல்லை. தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்று நம்மைத் தெருவில் நிறுத்தின காலத்தில், 1960-இல், வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பாட்டாளிகள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்கு சேர்த்தார்கள். அடுத்த ஆண்டே சங்கம் வாங்கிய முதல் தோட்டம் நம் கெடாவில் இருக்கிற புக்கிட் சிடிம். தோட்டத்தையே வாங்கிய கைகள் ஒரு திடலைக் கேட்க ஏன் கூச வேண்டும்?

சட்டமும் முழுக்க நமக்கு எதிரில்லை. பாட்டாளிகளுக்கான குறைந்தபட்ச வீட்டுவசதிச் சட்டம் 1990-இல் புதிதாக வந்தபோது, வீடு, குழந்தைக் காப்பகம், பயிரிடவும் மாடு மேய்க்கவும் நிலம், மருத்துவம் என்பவற்றோடு சமூக வசதிகளையும் அதன் முகப்பிலேயே எழுதி வைத்தார்கள். ஆனால் அது நாம் அங்கே வேலை செய்து குடியிருக்கிற வரைக்கும்தான். தோட்டம் கைமாறினால் பேச்சுவார்த்தையில் என்ன எழுதி வாங்குகிறோமோ அதுதான் மிஞ்சும். புதுத் தாமானில் திறந்தவெளி விடுவது உண்டு. அது சரிவிலோ, பெரிய சாக்கடை ஓரத்திலோ, மழைநீர்க் குட்டைக்குப் பக்கத்திலோ வந்து விழுகிறது. மனை வரைபடம் போடும் நாளிலேயே போய்ப் பார்க்காவிட்டால் பிறகு நகராண்மைக் கழகத்தில் எத்தனை மனு கொடுத்தும் சரிவு சமதரையாகாது.

திடல் போய்விட்ட இடங்களில் தமிழ்ப்பள்ளித் திடல் இருக்கிறதே. தலைமையாசிரியரையும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தையும் கேட்டால் மறுப்பவர்கள் குறைவு. நாள் எது என்பதில்தான் நம் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். கெடாவில் பள்ளிக்கு வெள்ளி, சனி விடுமுறை. கூலிம், பாடாங் செராய், சுங்கைப்பட்டாணியிலிருந்து பிறை தொழிற்சாலைகளுக்குப் போகிறவர்களுக்குப் பினாங்குக் கணக்கில் சனி, ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை வைத்தால் பிள்ளைகள் பள்ளியில், வெள்ளிக்கிழமை வைத்தால் அப்பாவும் அக்காவும் வேலையில். சனிக்கிழமை ஒன்றுதான் குடும்பம் முழுதும் சேருகிற நாள். சனிக்கிழமையே வையுங்கள். பெண்பிள்ளைகளுக்கு வலைப்பந்தும் ஓட்டமும் சிலம்பமும் கட்டாயம் இருக்கட்டும்; பழைய தப்பை நாம் திரும்பச் செய்ய வேண்டாம். நாடகத்தைப் பெரியவர்கள் சொல்லிக்கொடுக்கட்டும். வசனம் மறந்தால் மறக்கட்டும், மேடையில் நிற்பது நம் பிள்ளை.

இன்னும் தோட்டத்திலேயே இருக்கிற குடும்பங்களுக்கு ஒரு வேலை சொல்கிறோம். உங்கள் திடல் இப்போதும் இருக்கிறதா? இந்த வாரமே இரண்டு பையன்களைக் கயிற்றோடு அனுப்பி நீளம் எவ்வளவு, அகலம் எவ்வளவு என்று அளக்கச் சொல்லுங்கள். எந்த ஆண்டிலிருந்து அங்கே திருவிழாவும் பந்தாட்டமும் நடக்கிறது என்று மூத்தவர்களைக் கேட்டு எழுதுங்கள். பழைய படம் பெட்டிக்குள் கிடந்தால் எடுத்து வையுங்கள். தோட்டக் கமிட்டிப் புத்தகத்தில் கோயிலுக்கு ஒரு பக்கம், பள்ளிக்கு ஒரு பக்கம் இருக்கும். அடுத்த பக்கத்தில் இதைப் பதிந்து, கூட்டத்தில் படித்து, எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். தோட்டத்தைப் பற்றிப் பேச நிர்வாகம் கூப்பிடுகிற அன்றைக்கு மூன்று பக்கங்களையும் சேர்த்தே கொண்டுபோங்கள்.