சீந்திற்கொடியும் உடலின் காவலும்

வேப்ப மரத்தைப் பற்றி மேலேறி, மெல்லிய நூல்களைப் போல் விழுதுகளைத் தொங்கவிடும் சீந்திற்கொடியை நாட்டுப்புறத்துப் பங்குகளில் வாழ்வோர் நன்கறிவர். வெட்டிய தண்டும் எளிதில் வாடாமல் மீண்டும் துளிர்ப்பதால் நம் முன்னோர் அதனைச் சாகாமூலி என்றும் அமிர்தவல்லி என்றும் அழைத்தனர். சுரத்திற்கும் நீரிழிவுக்கும் சித்த மருத்துவர்கள் அதனைக் கையாண்டு வந்துள்ளனர். 2020-ஆம் ஆண்டில் கொரோனாக் கொள்ளைநோய் பரவியபோது, "எதிர்ப்புச் சக்தி" என்னும் பெயரோடு அது பொடியாகவும் மாத்திரையாகவும் சாறாகவும் பல இல்லங்களில் புகுந்தது. அன்று தொடங்கியதை இன்றும் நிறுத்தாமல் அருந்துவோர் நம் குடும்பங்களில் உண்டு. அவர்களுக்காகவே இதனை எழுதுகிறோம்.

முதலில் கொடியின் பெருமையைச் சொல்லிவிடுவதே நேர்மை. 1993-இல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனை மருத்துவர்கள், பித்தநாளம் அடைபட்டுக் காமாலையுற்ற 30 நோயாளிகளிடம் செய்த ஆய்வை வெளியிட்டனர். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றோரில் பாதிப்பேருக்குக் குருதியில் கிருமி நஞ்சு பரவியது. சீந்திலும் சேர்த்துப் பெற்றோரில் ஒருவருக்கும் அவ்வாறு நேரவில்லை. முப்பது பேர் என்பது சிறு தொகைதான். ஆயினும் தள்ளிவிடத்தக்க செய்தியன்று. பின்னர் 1999-இல் டிராம்பே பாபா அணு ஆராய்ச்சி நிலைய அறிஞர்கள், சீந்தில் தண்டிலிருந்து சர்க்கரைக் கூறுகள் சங்கிலியாய்க் கோத்த ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, அது நோயெதிர்ப்பு அணுக்களைப் பெருகத் தூண்டுவதைச் சோதனைச் சாலையில் கண்டனர்.

அதே நகரிலிருந்துதான் மறுபக்கமும் வெளிவந்தது. 2020-இன் இறுதி மாதங்களில் ஈரல் பழுதுற்று வந்த 6 பேரை மும்பை மருத்துவர்கள் கண்டனர். அறுவரும் சீந்தில் அருந்தியவர்கள். 2021-இல் இச்செய்தி வெளியானபோது நடுவண் அரசின் ஆயுஷ் அமைச்சகம் அதனை மறுத்தது. அவர்கள் உண்டது சீந்தில்தானா, அதனைப் போன்ற வேறொரு கொடியா என்று வினவியது. கேட்க வேண்டிய கேள்வியே. கடைப்பொடியில் எக்கொடி இருக்கிறதென்று யார் கண்டார்? ஆயினும் 2022-இல் இந்தியாவின் 13 மருத்துவ மையங்கள் சேர்ந்து இத்தகைய 43 நோயாளிகளைப் பற்றி அறிவித்தன.

ஒரே கொடி காக்கவும் கெடுக்கவும் கூடுமோ? எதிர்ப்புச் சக்தியை நாம் சேமிப்புப் பணம்போல் எண்ணி, கூடக்கூட நன்று என்கிறோம். அஃது உண்மையில் வாயிற்காவலனைப் போன்றது. அயலானையும் வீட்டாரையும் பிரித்தறிவதே அவன் திறமை. சிலருடைய உடலில் இக்காவலன் பிழைபட்டுத் தைராய்டு சுரப்பியையோ மூட்டுகளையோ ஈரலையோ தாக்குகிறான். தமக்கு அந்நோய் உண்டென அறியாமலே பலர் நடமாடுகின்றனர். ஏற்கெனவே நிலைதவறிய காவலனைச் சீந்தில் மேலும் உசுப்பிவிடுகிறது என்பதே அம்மருத்துவர்களின் கருத்து. மும்பை நோயாளிகளின் ஈரலிலும் இத்தகைய தாக்குதலின் அடையாளங்களைக் கண்டனர்.

ஆதலால் தன்னெதிர்ப்பு நோயுடையோரும், ஈரல் நோயுடையோரும், சிறுநீரகம் மாற்றிப் பொருத்தப்பெற்று எதிர்ப்பை அடக்கும் மருந்து உண்போரும் சீந்திலைத் தாமாக உட்கொள்ளலாகாது. நீரிழிவு மாத்திரை உண்போரும் மருத்துவரைக் கேட்க வேண்டும். சீந்திலும் குருதிச் சர்க்கரையைக் குறைக்கும் இயல்புடையது. ஏனையோரும் தேநீர்போல் ஆண்டு முழுவதும் பருகுவதற்குரிய பொருள் அன்று அது. சித்த மருத்துவர் நாடி பார்த்து, அளவும் நாளும் குறித்துத் தருவது வேறு. விளம்பரம் பார்த்து வாங்குவது வேறு. மண்ணிலிருந்து மருந்தைப் படைத்தவர் ஆண்டவரே எனக் கூறும் சீராக் ஆகமத்தின் 38-ஆம் அதிகாரம், மருத்துவரையும் மதிக்கச் சொல்கிறது. நம்மவர் மூலிகையை எடுத்துக்கொண்டு மருத்துவரை விட்டுவிடுகின்றனர்!

அருந்திவருவோருக்குப் பசி குன்றினாலோ, சிறுநீர் கடுந்தேநீர் நிறமானாலோ, கண் மஞ்சளித்தாலோ அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் செல்க. "மருந்து ஏதேனும் உண்டீர்களா?" என்று அவர் கேட்கும்போது, "இல்லை, கஷாயந்தான்" என்று பலர் சொல்லாமலே விடுகின்றனர். அந்தப் பொட்டலத்தையும் கையோடு எடுத்துச் செல்க.