நாலாக மடித்த சணல்

வரப்பில் வளர்த்த தேக்கை இந்த ஆண்டு விற்கலாம் என்று இருப்பவர்களுக்காக இந்த வாரப் பத்தி.

எங்கள் பக்கம் மரம் பார்க்க வரும் வியாபாரி, நின்ற மரத்தை அண்ணாந்து பார்த்தே விலை சொல்லிவிடுவார். குத்துமதிப்பு. "வேண்டாம், வெட்டிப் போட்டு அளந்தே எடுத்துக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால் நமக்கு நிம்மதியாகிவிடுகிறது. ஆனால் வம்பு அதற்கப்புறம்தான்.

வெட்டிய கட்டையைச் சணல் கயிற்றால் ஒரு சுற்று சுற்றுவார்கள். கயிற்றை நாலாக மடித்து, மடிப்பின் நீளத்தை டேப்பில் வைத்து அங்குலம் பார்ப்பார்கள். அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி, கட்டையின் நீளத்தை அடியில் பெருக்கி, 144-ஆல் வகுத்தால் கன அடி. நடுச்சுற்று 40 அங்குலம், நீளம் 10 அடி என்றால் 6.94 கன அடி வரும். பள்ளிக்கூடத்து வட்டக் கணக்கைப் போட்டால் இதே கட்டை 8.84 கன அடி. நூற்றுக்கு 21 சொச்சம் காணாமல் போகிறது.

பார்த்தவுடன் கோபம் வரும். ஆனால் இது வியாபாரி கண்டுபிடித்த தந்திரம் இல்லை. இங்கிலாந்தில் எட்வர்டு ஹாப்பஸ் 1736-இல் அட்டவணை போட்டுப் பரப்பிய கணக்கு. வெள்ளைக்காரன் மரம் வாங்கிய இடமெல்லாம் அவனோடு போனது. அதில் ஒரு நியாயமும் உண்டு. உருண்டைக் கட்டையைச் சதுரமாக இழைத்தால் வட்டத்தில் 64 விழுக்காடுதான் தேறும். மீதி பக்கச் சக்கை. ஹாப்பஸ் கணக்கு 78.5 விழுக்காட்டுக்குக் காசு கொடுக்கிறது. ஆகவே சூத்திரத்தோடு எனக்குச் சண்டை இல்லை. கயிறு எந்த இடத்தில் விழுகிறது என்பதில்தான் சண்டை.

மரம் தூண் மாதிரி வளர்வதில்லை. தூரை ஒட்டிய பகுதி உள்வாங்கி விரிந்திருக்கும், நடுமரம் மெல்லப் புடைத்தபடி ஒடுங்கும், உச்சி கூம்பாகிவிடும். மேலே சொன்ன கட்டைக்கே அடிச்சுற்று 48, நுனிச்சுற்று 32 அங்குலம் என்று வையுங்கள். நுனியில் கயிறு போட்டால் 4.44 கன அடிதான். நடுவில் போட்டதைவிட இரண்டரை கன அடி குறைவு! கட்டை அதேதான், கயிறு 5 அடி தள்ளிப் போயிருக்கிறது. சீராக ஒடுங்கும் இந்த மாதிரிக் கட்டையில் நடுச்சுற்றால் வரும் பிழை நூற்றுக்கு இரண்டைக்கூடத் தொடாது.

வானியல் அறிஞர் கெப்ளருக்கும் இதே சந்தேகம் வந்திருக்கிறது. 1613-இல் தன் மறுமணத்துக்கு வாங்கிய மதுப் பீப்பாய்களை விற்றவன் ஒரு கோலை உள்ளே விட்டு அளந்த விதம் அவருக்குப் பிடிக்கவில்லை. 1615-இல் பீப்பாயின் கன அளவைப் பற்றி ஒரு நூலே எழுதிவிட்டார். பீப்பாய் விதி என்று இன்று அவர் பெயரில் வழங்கும் கணக்கில் இரு முனைகளின் பரப்புக்கும் ஒவ்வொரு பங்கு, நடுப் பரப்புக்கு நாலு பங்கு. கூட்டி ஆறால் வகுத்து, நீளத்தால் பெருக்க வேண்டும். வனத்துறைப் படிப்பில் மரக்கட்டைக்கு இதையும் சொல்லித்தருகிறார்கள். நடுவுக்கு அவ்வளவு மதிப்பு.

அடுத்தது பட்டை. அரை அங்குலப் பட்டையை உரித்தால் சுற்றளவு 3 அங்குலத்துக்கு மேல் இறங்கும்; 6.94 என்பது 5.9 ஆகிவிடும். பட்டையோடு அளந்து, "பட்டைக்கு" என்று தனியாகவும் கழிப்பவர்கள் எவ்வளவு கழிக்கிறார்கள் என்று கேளுங்கள்.

நம் பக்கத்துத் தவறும் உண்டு. நெஞ்சு உயரத்தில், அதாவது நாலரை அடியில், டேப்பைச் சுற்றிவிட்டு மரத்தின் முழு உயரத்தால் பெருக்கி ஆசையை வளர்த்துக்கொள்கிறோம். கூம்பின் கன அளவு உருளையில் மூன்றில் ஒரு பங்குதான். நிஜ மரம் பெரும்பாலும் உருளையில் பாதியைத் தாண்டாது. வரப்பில் தனியாக நின்ற மரம் கிளைவிட்டுச் சீக்கிரம் ஒடுங்கும். அடர்ந்த தோப்பில் வெளிச்சத்துக்குப் போட்டி போட்டு வளர்ந்தது நீளத்துக்கும் உருண்டு நிற்கும். நெஞ்சுச் சுற்று ஒன்றாக இருந்தாலும் மரம் ஒன்றல்ல. முதிர்ந்த தேக்கின் அடியில் வரி வரியாகப் பள்ளம் விழுந்திருந்தால் டேப் பள்ளத்தின் மேலே தாவிப்போய் இல்லாத மரத்தையும் சேர்த்துக் காட்டும். இதெல்லாம் வியாபாரிக்குத் தெரியும். அதனால்தான் அவர் கண்மதிப்பில் உங்கள் கணக்கைவிடக் குறைத்துச் சொல்லும்போது சில சமயம் அவர் சொல்வதே சரியாக இருக்கும்.

அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்பே பேசி முடியுங்கள்: நடுச்சுற்றா நுனிச்சுற்றா, பட்டையோடா உரித்தா, டேப்பில் மிஞ்சும் அரை அங்குலத்தை யார் விடுவது. அதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். அளக்கும் நாளில் உங்கள் டேப்பையும் எடுத்துக்கொண்டு போங்கள்.