பல்லக்குத் தூக்கியின் மகன்

முகலாயச் சிற்றோவியம் பற்றிய கருத்தரங்குகளில் தஸ்வந்த் எப்படியும் வந்துவிடுகிறார். பல்லக்குச் சுமக்கும் கஹார் ஒருவரின் மகன். சுவர்களில் படம் வரைந்துகொண்டிருந்தவர்மீது அக்பரின் பார்வை விழுந்தது; குவாஜா அப்துஸ் சமதிடம் பயிற்சிக்கு அனுப்பப்பட்டார். மகாபாரதத்தின் பாரசீக வடிவமான ரஸ்ம்நாமாவுக்கு ஓவியம் வரைந்தவர்களில் முதன்மையானவர் ஆனார். இதைச் சொல்லி முடித்ததும் அறையில் ஒரு நிம்மதி பரவும். "பார்த்தீர்களா, திறமை இருந்தால் சாதி தடையில்லை" என்பார் ஒருவர். அந்த நேரத்தில் சில கண்கள் ஆய்வு மாணவனான என் பக்கம் திரும்புவதும் உண்டு.

அரசனின் கண் ஒரு சுவரில் பட்டதற்குப் பெயர் சமவாய்ப்பா? அந்தக் கண் படாத சுவர்கள் எத்தனை? மகனை உள்ளே அழைத்துக்கொண்டார்கள். அதற்காக அரண்மனையின் பல்லக்குகளை யாரும் இறக்கி வைத்துவிடவில்லை. அயினி அக்பரியில் மகனுக்குப் பெயர் இருக்கிறது. அப்பாவுக்குத் தொழில் மட்டும்தான்.

படங்களையே பாருங்கள். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும் அக்பர்நாமாவில் ஃபதேபூர் சிக்ரி கட்டப்படும் காட்சி ஒன்று உண்டு. துள்சி அமைப்பு, பவானி வண்ணம். ஓவியர்களின் பெயர்கள் நமக்குக் கிடைக்கின்றன, நல்லது. தாளை நிரப்பி நிற்கும் கல் தச்சர்களும் சுமை தூக்குபவர்களும் யார்? அக்பரின் மகன் ஜஹாங்கீர் காலத்துப் படம் இன்னும் மோசம். பின்னால் நீதிச் சங்கிலி தொங்க, அரசர் வறுமையை அம்பெய்து கொல்கிறார். இலக்காக நிற்பவர் கறுத்து ஒட்டிய உடம்போடு ஒரு கிழவர். அவர்தான் வறுமையாம்! ஏழையின் உடம்பில் அம்பு விட்டுவிட்டு அதற்குக் கொடை என்று பெயர்.

(முகலாயர் என்றதும் சங்கிகள் குதூகலிக்க வேண்டாம். ராஜபுத்திர அவைகளின் ஓவியங்களிலும் பல்லக்கில் இருப்பவருக்குத்தான் பெயர்.)

கருத்தரங்கில் சொல்லாமல் விடுவது ஒன்று இருக்கிறது. 1584இல் தஸ்வந்த் தற்கொலை செய்துகொண்டார். மனம் பிறழ்ந்துவிட்டது என்று எழுதுகிறார் அபுல் ஃபசல். சாதிதான் கொன்றது என்று சொல்ல என்னிடம் சான்று இல்லை, சொல்லவும் மாட்டேன். ஆனால் நம்மில் ஒருவர் விடுதி அறையில் இறந்து கிடந்தால் நிர்வாகம் முதலில் எடுத்து நீட்டும் சொல் 'மன அழுத்தம்' என்பது நமக்குத் தெரியும். அவரை அங்கே யார், எப்படி நடத்தினார்கள் என்ற கேள்வி அந்தச் சொல்லோடு மூடப்பட்டுவிடும். தஸ்வந்தை உதாரணம் காட்டுபவர்களுக்கு அவர் சுவரில் வரைந்ததும் அரசர் பார்த்ததும் போதும். அதற்குப் பிறகு அந்த அவைக்குள் அவர் வாழ்ந்த வாழ்க்கை உதாரணத்துக்குத் தோதுப்படாது.

அபுல் ஃபசலும் அங்கே நிற்கவில்லை. இறப்பைச் சொன்ன கையோடு, அவர் விட்டுச்சென்ற அரிய ஓவியங்களைக் குறிப்பிட்டுவிட்டு, அடுத்த ஓவியர் பசாவனுக்குப் போய்விடுகிறார்.